யாழ்ப்பாணத்தில் செல்லப்பிராணிக் கடை நடத்த நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"அண்ணை, நானும் இப்பிடி ஒண்டு போடலாமெண்டு இருக்கிறன்" என்று தொடங்கி மாதத்துக்கு இரண்டு பேராவது என் மேசைக்கு முன்னால் நின்று கேட்பார்கள். மீன் பையைக் கட்டிக்கொண்டும் சாப்பாட்டை நிறுத்துக்கொண்டும் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் பத்தடி அகலத்தில் ஒரு கடை. நாய், பூனைச் சாப்பாடு, மீன், தொட்டிச் சாமான், கூடு, கழுத்துப்பட்டி இருக்கும். நாய்க்குட்டி இருக்காது. ஏன் என்று கீழே வரும்.

எங்கட ஊரில் இதுக்கெல்லாம் ஆட்கள் காசு செலவழிப்பினமோ?

செலவழிக்கிறார்கள். ஆனால் கொழும்பில் செலவழிப்பது போல இல்லை. இங்கே நாய் என்றால் முதலில் வளவுக் காவல். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, அம்மாவும் அப்பாவும் தனியே பெரிய வீட்டில் இருப்பார்கள். அந்த வீட்டு நாய்க்கு ஒரு குறையும் வராது. அடுத்தது மீன் வளர்க்கும் ரியூசன் வயதுப் பொடியள். மூன்றாவதாக, பூனை வளர்க்கும் இளம் குடும்பங்கள் மெல்ல மெல்லக் கூடி வருகின்றன.

வெளியூர் ஆட்களுக்குத் தெரியாத ஒரு கணக்கும் இருக்கிறது. இது சைவ ஊர். வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) படலைக்குள்ளேயே வராத வீடுகள் ஏராளம். நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் அடுப்பில் மீன் இல்லை. மற்ற நாளில் மீன் தலையும் சோறுமாய்ச் சாப்பிட்ட நாய், திருவிழா மூன்றாம் நாளே பருப்புச் சோற்றை மணந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்ப் படுத்துவிடும். அப்போதுதான் ஐயா கடைக்கு வருவார்: "தம்பி, மணம் இல்லாத பக்கற் சாப்பாடு ஏதும் இருக்கோ?" உலர் தீனியிலும் கோழியும் மீனும்தான் இருக்கிறது என்று நான் ஒளிக்காமல் சொல்வேன். "அது தூள்தானே" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கிப் போவார். கந்தசஷ்டி ஆறு நாளும் இதே கதை. அந்த நாட்களில் பெரிய மூட்டையைவிட ஒரு கிலோ, இரண்டு கிலோப் பக்கற்றுகள்தான் ஓடும். கொடியேற முன்னமே எடுத்து வையுங்கள்.

எதில் தொடங்குவது? நாய்க்குட்டி விற்றால் ஒரே நாளில் நல்ல காசு என்கிறார்களே?

வரும். அதே குட்டியால் அடுத்த கிழமை உங்கள் பெயரும் போகும்.

பார்வோ என்ற வைரஸ் நோய் குட்டிகளைத்தான் தேடிப் பிடிக்கும். வாந்தி, இரத்தத்தோடு வயிற்றோட்டம், இரண்டு மூன்று நாளில் சாவு. இந்த வைரஸ் தரையிலும் கூட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண சவர்க்காரத்துக்கும் பினாயிலுக்கும் அசையாது. குளோரின் கலந்த வெளுப்புநீர்தான் அதைக் கொல்லும். பல வீட்டுக் குட்டிகளை ஒரே கூட்டில் வைத்து விற்கும் கடையில் ஒன்றுக்கு வந்தால் போதும். தாயிடமிருந்து எட்டுக் கிழமைக்கு முன் பிரித்த குட்டி, தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டி என்றால் சொல்லவே தேவையில்லை. குட்டி செத்த வீட்டுப் பிள்ளை அழுததை அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அந்தத் தெருவில் இனி நீங்கள் ஒரு கழுத்துப்பட்டிகூட விற்க மாட்டீர்கள்.

தொடங்குவதென்றால் முடிந்து முடிந்து திரும்ப வாங்க வேண்டிய சாமானில் தொடங்குங்கள்: சாப்பாடு, பூனை மணல், உண்ணிக்கான சாம்பு, மீன் தீனி. குட்டியை ஒருவர் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் வாங்குவார். அந்தப் பத்து வருடமும் சாப்பாடு எங்கே வாங்குகிறார் என்பதுதான் உங்கள் வியாபாரம்.

அப்ப குட்டி கேட்டு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்புவதா?

போன வருடம் ஒரு தம்பி ஹஸ்கி வேண்டும் என்று வந்தார். சித்திரை வெயில், தார் றோட்டில் செருப்பில்லாமல் கால் வைக்க ஏலாது. பனியில் வண்டி இழுக்கிற நாயை இங்கே எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். "ஏசி அறையில், அண்ணை." கரண்ட் பில்லைப் பற்றிப் பேசினோம். கடைசியில் அவர் தெரிந்த வீட்டில் போட்ட ஊர்க் குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறார். மாதா மாதம் சாப்பாடு என்னிடம்தான். குட்டி விற்றிருந்தால் ஒரு நாள் கல்லா நிறைந்திருக்கும்.

இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் நாய்கள் சரணாலயம் இருக்கிறது. வீட்டுக்கு நாய் வேண்டும் என்பவரிடம், அநாதரவான நாய்களும் இருக்கின்றன என்பதைச் சொல்லத் தயங்காதீர்கள். வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வந்து அவருடைய வாகனத்துக்குக் கல்லெறிகிற ஊர் இது. சொல்லத்தான் வேண்டும்.

மீன் வாங்கி வைத்தேன், ஒரு கிழமைக்குள் பாதி செத்துவிட்டது. கடைக்கு மீன் எடுக்கலாமா, விடலாமா?

எடுக்கலாம். முதலில் உங்கள் கிணற்றைப் படியுங்கள்.

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கும் நீர். கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அதுதான் உங்கள் மீனின் வீடு. கடினமான, காரப் பக்கம் சாய்ந்த நீர். கப்பி, மொலி, பிளற்றி, சுவோட்ரெயில் எல்லாம் இதில் சந்தோஷமாக இருந்து குட்டி போடும். ஆபிரிக்க ஏரிகளிலிருந்து வந்த சிக்லிட் இனங்களுக்கும் இது தோது. நியோன் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசன் பக்கத்து மென்மையான நீரில் பிறந்த சாதி. அவற்றை இங்கே வைத்திருப்பது முடியாத காரியமல்ல. புதிதாக வளர்க்கும் ஆளுக்கு விற்கக் கூடாது. தீவுப் பக்கத்திலிருந்து வருகிறவர் "எங்கட கிணறு கொஞ்சம் உவர்" என்றால் மொலியைக் காட்டுங்கள். மொலி உப்பு நீரையும் தாங்கும்.

வலிகாமத்துத் தோட்டப் பக்கக் கிணறுகளில் உரத்தால் சேர்ந்த நைத்திரேற்று கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். அப்படிப்பட்ட நீரில் தொட்டிக் கண்ணாடி கிழமைக்குள் பச்சையாகும். ஆட்கள் பில்டரில் பிழை என்று வந்து சண்டை பிடிப்பார்கள். தொட்டியை யன்னல் வெயிலிலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள், தீனியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

குழாய்நீர் எடுப்பவர்களுக்கு வேறு பாடம். தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கிணற்றோடு மட்டும் வாழ்ந்த பல வீடுகள் இப்போது குழாய்க்குப் பழகுகின்றன. குழாய்நீரில் குளோரின் இருக்கும். கிணற்று நீரை நேரே ஊற்றிப் பழகிய கை குழாய்நீரையும் நேரே ஊற்றினால், மீனின் செவுள் எரிந்து காலையில் எல்லாம் மேலே மிதக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வைக்க வேண்டும், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட வேண்டும். அந்த மருந்துப் போத்தலை நான் தொட்டிகளுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேரே வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, புதுத் தொட்டி. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பில்டரில் குடியேற நாலு தொடக்கம் ஆறு கிழமை பிடிக்கும். அன்றைக்கே தொட்டியும் இருபது மீனும் வாங்க வரும் அப்பாவுக்கு நான் ஐந்து கப்பி மட்டும் கொடுத்து, மிச்சத்துக்கு அடுத்த மாதம் வாருங்கள் என்பேன். முகம் சுருங்கும். ஆனால் வருவார்.

கொழும்பிலிருந்து மீன் இறக்கும்போது என்ன கவனம்?

இரவு பஸ்ஸில் ரெஜிபோம் பெட்டிக்குள், ஒட்சிசன் அடைத்த பையில், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வருகிறது. அந்தப் பைநீரில் இரவு முழுக்க அமோனியா சேர்ந்திருக்கும். பை மூடியிருக்கும் வரை மீன் விட்ட கரியமிலவாயு நீரைச் சற்று அமிலமாக்கி, அந்த அமோனியாவின் நஞ்சை அடக்கி வைக்கும். பையைத் திறந்தவுடன் வாயு பறந்துவிடும், நஞ்சு எழும்பும். அதற்குள் எங்கள் காரத் தண்ணீரையும் கோப்பை கோப்பையாக ஊற்றினால் இன்னும் மோசம். ஆகவே மூடிய பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு திறந்து, மீனை வலையால் எடுத்து ஆயத்தத் தொட்டியில் விடுங்கள். பைநீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

அந்த ஆயத்தத் தொட்டியில் நான் மழைநீரும் கிணற்று நீரும் பாதிக்குப் பாதி வைப்பேன். பிறகு ஒரு கிழமை கிணற்று நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டுவேன். ஐப்பசி, கார்த்திகை மழையை பரலில் பிடித்து வைத்தால் தைக்குப் பிறகும் கை கொடுக்கும். மூடி வையுங்கள், நுளம்பு முட்டையிடும்.

வாடிக்கையாளர் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுபோகும் பைக்கு இந்த அவசரம் தேவையில்லை. அவர்களைச் சிறிது சிறிதாக நீர் கலந்து விடச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அந்தக் காலத்தில் எயார் பம்ப் நின்று என் பெரிய தொட்டியில் இருந்த கோல்ட் பிஷ் முழுதும் போனது. இப்போது பற்றரியில் ஓடும் பம்ப் இரண்டு வைத்திருக்கிறேன். அதுவும் இல்லாவிட்டால் கோப்பையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். தீனி போடாதீர்கள்.

விலை எப்படிப் போடுவது?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கணக்குக்கு லேசாக ஒரு பக்கற்றை 100 ரூபாய்க்கு வாங்கி 125க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். பத்துப் பக்கற்றில் 250 ரூபாய் லாபம் என்று மனம் கணக்குப் போடும். அதில் ஒன்று திகதி முடிந்து, அல்லது எலி கடித்துப் போனால் ஒன்பதுக்கு 1125 வரும். போட்ட முதல் 1000. லாபம் 125. பத்தில் ஒன்று கெட்டதற்கு லாபத்தில் பாதி போய்விட்டது. ஆகவே பத்து வகை பிராண்டை அடுக்கி வைத்து அழகு பார்க்க வேண்டாம். மூன்று வகை போதும். திகதி பார்த்து பழையதை முன்னுக்கு வையுங்கள்.

மூட்டையை உடைத்துக் கிலோவாக விற்பதில் காசு இருக்கிறது, ஏனென்றால் இங்கே பலர் கிழமைக் கணக்கில்தான் வாங்குவார்கள். ஆனால் மழைக் காலத்து ஈரக்காற்று பட்டால் தீனி பதம் விட்டு, கொழுப்பு நாறும். மூட்டையோடேயே மூடியுள்ள வாளிக்குள் இறக்குங்கள். தீனியை மட்டும் கொட்டி வைத்தால் திகதியும் தெரியாது, வாளியில் ஒட்டிய பழைய கொழுப்பு புதியதையும் கெடுக்கும்.

இறக்குமதிச் சாமானை மட்டும் நம்ப வேண்டாம். 2022இல் இரண்டு மூன்று மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது என் தட்டுகள் பாதி காலி. வந்தவர்களுக்குச் சோறு, அவித்த மீன், பூசணி கலந்து கொடுக்கும் அளவைச் சொல்லிக் கொடுத்தேன். வெங்காயம், உள்ளி போடக் கூடாது, அவித்த கோழி எலும்பு கொடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். விற்பனை இல்லாத அந்த மாதங்களில் பேசிய ஆட்கள்தான் இன்றைக்கும் வருகிறார்கள்.

கடன் கொடுக்கலாமா?

கொப்பி போட்டால் கொப்பிதான் நிறையும். நான் கொடுப்பதில்லை. ஒரே விலக்கு: இரவில் வீட்டு உடுப்போடு ஓடி வந்து மீன் மருந்து கேட்கும் ரியூசன் பொடியள். அவர்கள் இதுவரை ஏமாற்றியதில்லை.

விளம்பரத்துக்குப் பேஸ்புக்கா, டிக்டொக்கா, நோட்டீஸா?

முதலில் செலவில்லாதது. கூகுள் மேப்பில் கடையைப் போடுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள், ஏனென்றால் எங்கள் ஆட்கள் தமிழில் பேசிவிட்டு ஆங்கில எழுத்தில் தேடுவார்கள். பக்கத்துக் கோயில், சந்தி, ஒழுங்கை பெயரைக் குறிப்பில் எழுதுங்கள். இங்கே ஒருவரும் கடை இலக்கம் பார்த்து வருவதில்லை, "வைரவர் கோயிலடியால் திரும்பி" என்றுதான் வருவார்கள்.

பேஸ்புக்கில் "விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ" என்று எழுதாதீர்கள். விலையைப் போடுங்கள். விலை தெரியாத சாமானை இங்கே ஆட்கள் விலை கூடிய சாமான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உயிருள்ள பிராணிகளை மார்க்கெட்பிளேஸில் விற்பனைக்குப் போட பேஸ்புக் விடுவதில்லை. போட்டால் தூக்கிவிடும், கடைப் பக்கமும் சேர்ந்து ஆபத்தில் விழும். டிக்டொக்கில் ஒரு வீடியோவுக்கு எழுபதாயிரம் பார்வை வந்து நான் துள்ளிக் குதித்தேன். கொமெண்ட்ஸ் பார்த்தால் பாதி ஆட்கள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும். மறுநாள் கடைக்கு வழமையான ஆட்கள்தான் வந்தார்கள். காசு கட்டி விளம்பரம் போடுவதென்றால் கடையைச் சுற்றிப் பத்துக் கிலோமீற்றர் என்று எல்லை வைத்துப் போடுங்கள்.

எனக்கு ஆட்களைக் கொண்டு வந்தது அழகான படங்கள் அல்ல. நாயின் காதுக்குள் உண்ணியை எப்படிப் பிடித்து இழுப்பது என்று, என் கையும் நாயும் மட்டும் தெரிய எடுத்த ஒரு நிமிட வீடியோ. அதை ஆட்கள் குடும்பக் குழுக்களில் அனுப்பினார்கள். உங்களுக்குத் தெரிந்த சின்னக் காரியத்தைக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட வேலை செய்வது வட்ஸ்அப்பும் ஒரு கொப்பியும். ஒரு லாப்ரடோர் நாளுக்கு 350 கிராம் தின்னும் என்றால் பத்துக் கிலோ மூட்டை 28 நாள் வரும். வாங்கிய திகதியை எழுதி, 25ஆம் நாள் ஒரு வரி அனுப்புங்கள்: "ஐயா, டைகருக்குச் சாப்பாடு முடியப் போகுது, எடுத்து வைக்கவோ?" நாயின் பெயரோடு அனுப்புங்கள். ஐயாவின் பெயரை மறந்தாலும் பரவாயில்லை. இந்த ஒரு வரியால் எனக்கு வந்த விற்பனை, நான் காசு கட்டிய எந்த விளம்பரத்தாலும் வந்ததில்லை.

மழை தொடங்கும்போது இன்னொன்றும் செய்கிறேன். கிணறுள்ள வீட்டுக்காரருக்குப் பத்துக் கப்பி இலவசம். இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016 செப்டெம்பரில் சான்று கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் புதிய வகை மலேரியா நுளம்பு கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும். நுளம்புக் குடம்பியைக் கப்பி விரும்பித் தின்னும். என்னிடம் கப்பி பெருகிக் கிடக்கிறது, செலவு பையும் றப்பர் வளையமும்தான். கிணற்றுக்குள் மட்டும் விடச் சொல்லுங்கள். குளத்திலும் வாய்க்காலிலும் விட்டால் எங்கள் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்களை எப்படி வாடிக்கையாளராக்குவது?

அவர்களின் அம்மா அப்பாவை நன்றாகக் கவனியுங்கள், போதும். எனக்கு ஏழு வீடுகள் அப்படி இருக்கின்றன. மகன் வங்கிக்கு மாதக் காசு போடுவார், நான் வீட்டுக்குச் சாப்பாடு இறக்குவேன், நாய் சாப்பிடுவதை அரை நிமிட வீடியோ எடுத்து அனுப்புவேன். சில நேரம் நாயைவிட, பின்னால் கதிரையில் இருக்கும் அம்மாவைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். "அம்மா மெலிஞ்சு போனா போல இருக்கு, அண்ணை" என்று பதில் வரும்.

என்ன பதிவு, என்ன அனுமதி?

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். வியாபார அனுமதியை ஆண்டுதோறும் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ எடுக்க வேண்டும். செயலகமும் சபையும் ஒன்றல்ல. இதைக் குழப்பி நான் ஒரு காலை முழுக்க அலைந்தேன். கடை எந்தச் சபையின் எல்லைக்குள் வருகிறது என்று வாடகை பேச முன்னமே கேளுங்கள். திருநெல்வேலிக்கு நல்லூர் பிரதேச சபை, நகரத்துக்கு மாநகர சபை. மணம், கழிவுநீர் பற்றிப் பக்கத்து வீட்டார் முறையிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வருவார். ஆகவே முதல் நாளே பக்கத்து வீட்டுக்கு ஒரு கப்பித் தொட்டி கொடுத்துவிடுங்கள்.

மருந்து, தடுப்பூசி விற்கலாமா? ஊசி போட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறார்களே?

ஊசி மிருக வைத்தியரின் வேலை. நீங்கள் தொடாதீர்கள், "எனக்குப் பழக்கம்" என்று சொல்லும் ஆளையும் கடைக்குள் விடாதீர்கள். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் திகதி கேட்டு, அதைக் கடை வாசலில் எழுதிப் போடுங்கள். நாயைச் சபையில் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901இலிருந்தே இருக்கிறது. பதிந்தவர்களைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். நாய்க்கு முதுகில் விடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும், பூனைக்கு அது நஞ்சு, வலிப்பு வந்து சாகும். "ஒரே மருந்துதானே, பூனைக்கும் கொஞ்சம் விடுவம்" என்று வாங்கிப் போகிறவர் நிச்சயம் இருப்பார். நான் அந்த மருந்து விற்கும்போது "வீட்டில் பூனை இருக்கோ?" என்று கேட்காமல் கொடுப்பதில்லை. இருந்தால், மருந்து காயும் வரை நாயையும் பூனையையும் சேர விடாதீர்கள் என்பேன்.

நாய் கடித்தாலோ கீறினாலோ, அது கடையில் உதவிக்கு நிற்கும் பொடியனாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. "சின்னக் கீறல்தானே" என்ற பேச்சுக்கே இடமில்லை.

குளிப்பாட்டல், நாய்களைத் தங்க வைத்தல் செய்யலாமா?

குளிப்பாட்டல் செய்யலாம், காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை நாலுக்குப் பின். பங்குனியிலிருந்து ஆவணி வரை மத்தியானத்தில் கட்டிவைத்த நாய் மூச்சு வாங்கியே விழுந்துவிடும். சடை நாயை மொட்டை அடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். இரட்டை மயிர் உள்ள சாதிகளுக்கு அந்த மயிர்தான் வெயில் மறைப்பு, சீவிக் கொடுத்தால் போதும்.

தங்க வைப்பது வேறு கதை. கேட்பவர்கள் ஆவணியிலும் மார்கழி விடுமுறையிலும் ஒரே நேரத்தில்தான் கேட்பார்கள், மற்ற மாதங்களில் கூடு சும்மா கிடக்கும். தடுப்பூசி அட்டை இல்லாத நாயை எடுத்தால் மற்ற நாய்களுக்கும் நோய். தீபாவளி வெடிக்கு ஒரு நாய் மதில் பாய்ந்து ஓடி, இரண்டு நாள் கோண்டாவில், இணுவில் என்று தேடித் திரிந்தேன். கிடைத்தது. அந்த வேலையை அதோடு விட்டேன்.

வாங்கிய மீன் செத்தால் திருப்பிக் காசு தருவீர்களா?

செத்த மீனோடு தொட்டித் தண்ணீரையும் ஒரு போத்தலில் கொண்டு வரச் சொல்வேன். 24 மணித்தியாலத்துக்குள் செத்தால் பேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பேன். அதன் பிறகு என்றால் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துச் சொல்வேன். சில நேரம் பிழை அவர்களுடையதாக இருந்தாலும் கொடுத்துவிடுவேன். ஒரு கப்பியின் விலைக்கு ஒரு குடும்பத்தைப் பகைப்பது நட்டம்.

வாங்கவே கூடாத உயிரினம் ஏதும்?

நட்சத்திர ஆமையைச் சாக்குக்குள் சுற்றிக் கொண்டு வருவார்கள், "வீட்டில் வைத்தால் நல்லது" என்று சொல்லி. அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர்; வாங்கினாலும் விற்றாலும் வழக்கு. காட்டிலிருந்து பிடித்த எந்தப் பறவையையும் விலங்கையும் தொடாதீர்கள். கூட்டில் பிறந்த லவ்பேர்ட்ஸ், புறா போதும்.

வாசலில் இரவோடு இரவாகப் பெட்டிக்குள் குட்டிகளை விட்டுவிட்டுப் போவார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. போன மாதம் நாலு. மூன்றுக்கு வீடு கிடைத்தது. நாலாவது இதை எழுதும்போது மேசைக்கடியில் படுத்திருக்கிறது.

எவ்வளவு முதல் வேண்டும்?

ஆறு மாத வாடகை கையில் இருக்க வேண்டும், அதற்கு மேல் மூன்று மாதச் சாமான். தட்டும் தொட்டியும் பழையதாகவே வாங்கலாம். பெயர்ப்பலகைக்கு அதிகம் செலவழிக்காதீர்கள்.

ஒரு நாள்கூடப் பூட்ட ஏலாதா?

கதவைப் பூட்டலாம், உயிர்களைப் பூட்ட ஏலாது. பொங்கலன்று காலை வீட்டில் பானை ஏற்றும்போது நான் கடையில் பில்டர் கழுவிக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டு ரியூசன் பொடியனிடம் ஒரு சாவி இருக்கிறது. எந்தத் தொட்டிக்கு எத்தனை சிட்டிகை தீனி, எந்தச் சுவிட்சைத் தொடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். போன கிழமை கலியாண வீடு ஒன்றுக்காக வவுனியா போய்விட்டு வந்து பார்த்தேன்: அவன் அந்தத் தாளின் அடியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறான். "மேசைக்கடியில் இருக்கிற ஆளுக்கும் சாப்பாடு வைக்கவும்."